நேட்டோவின் ஐந்தாவது பிரிவு

ஒருவரை அடித்தால் எல்லோரும் படையோடு வந்துவிடுவார்கள், அதுதான் நேட்டோ என்ற ராணுவக் கூட்டணி என்று பல வருடம் நினைத்திருந்தேன். 1949 ஏப்ரலில் வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நேற்றுதான் முழுதாகப் படித்தேன். மொத்தமே 14 பிரிவுகள். ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்கிறது ஐந்தாவது பிரிவு, சரி. ஆனால் ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையென்று படுவதைச் செய்தால் போதும். படை அனுப்பியே தீர வேண்டும் என்று எங்கும் இல்லை.

ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதிய அந்தப் பிரிவை இதுவரை ஒரே முறைதான் கையில் எடுத்திருக்கிறார்கள். 2001இல், அமெரிக்காவுக்காக!

அப்புறம், அங்கே வாக்கெடுப்பே கிடையாது. எந்த முடிவுக்கும் இப்போதுள்ள 32 உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். துருக்கியும் ஹங்கேரியும் இழுத்தடித்ததால் ஸ்வீடன் நேட்டோவில் சேர 2024 மார்ச் வரை காத்திருந்தது. சொந்தப் படையே இல்லாத ஐஸ்லாந்தின் சம்மதமும் அங்கே கட்டாயம் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.