நவாவில் மூன்று சொற்கள்

நவா என்பது சிரியாவில் ஓர் ஊரின் பெயர், நவவி என்றால் அந்த ஊர்க்காரர் என்பதே எனக்கு வெகுகாலம் தெரியாது. காயல்பட்டினத்தில் என் சிறுவயதில், "நவவி இமாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்று, பதின்மூன்றாம் நூற்றாண்டின் அந்த மார்க்க அறிஞரைக் காட்டி உஸ்தாத் (ஆசிரியர்) சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. சுப்ஹு எனும் அதிகாலைத் தொழுகையில் குனூத் பிரார்த்தனை ஓதுவது முதல் சொத்துப் பங்கீடு வரை, ஷாஃபி மத்ஹபினரான (ஷாஃபி சட்டப்பள்ளியைப் பின்பற்றுபவர்களான) எங்களுக்கு அவர்களுடைய 'மின்ஹாஜ்' எனும் சட்டநூல் காட்டும் வழிதான்.

2010 ஜூனில் டமாஸ்கஸ் போனேன். இறங்கிய அன்றே சந்தையில் ஒரு கிலோ ஆப்ரிகாட் வாங்கித் தின்று தீர்த்தேன். மறுநாள், கோட்டையை ஒட்டிய கடைவீதியில் தாருல் ஹதீஸ் அஷ்ரஃபிய்யாவின் வாசலில் நின்றபோதுதான் உறைத்தது: இமாமவர்கள் இந்த ஊர்ப் பழத்தைத் தொட்டதே இல்லை! தோட்டங்களில் பல, அறப்பணிக்கு விடப்பட்ட வக்ஃபு சொத்துகள். குத்தகை முறையாக நடக்கிறதா என்ற ஐயம். ஆகவே மொத்தமாக விலக்கிவிட்டார்கள். பதின்ம வயதின் இறுதியில் படிக்க வந்து, 1267 முதல் இந்தக் கல்விக்கூடத்துக்கே தலைமை வகித்தவர்கள். பிற்காலத்தில் தகிய்யுத்தீன் சுப்கி என்ற பேரறிஞர், நவவியின் பாதம் பட்ட இடம் தம் முகத்தில் படாதா என்று இங்குள்ள விரிப்பில் கன்னம் பதித்தாராம். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. வயிற்றில் ஆப்ரிகாட்.

நவா தெற்கே, ஹவ்ரான் சமவெளியில் இருக்கிறது. கருங்கல் வீடுகள், கோதுமை வயல்கள், வெயில். இரவல் வாங்கிய வக்ஃபு நூல்களையெல்லாம் திருப்பிக் கொடுத்து, ஆசிரியர்களின் கபுறுகளுக்குப் போய் ஜியாரத் செய்துவிட்டுத்தான் (அடக்கத்தலங்களைத் தரிசித்துவிட்டுத்தான்) இமாமவர்கள் இந்தச் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். 1277 டிசம்பரில், தந்தையின் வீட்டிலேயே வஃபாத்தானார்கள். வயது 44. திருமணம் செய்துகொள்ளவில்லை.

தர்கா என்றால் குப்பா எனும் குவிமாடம், பச்சைப் போர்வை, சாம்பிராணி என்று பழகிய கண் எனக்கு. இங்கே குப்பா இல்லை. கபுறின் மேல் ஒரு பெரிய மரம், அவ்வளவுதான். ஒரு நொடி ஏமாற்றமாகவே இருந்தது. பிறகு மின்ஹாஜில், இறந்தவர்களுக்கான கடமைகளைச் சொல்லும் ஜனாஸா பாடம் நினைவுக்கு வந்தது. கபுறுக்குச் சுண்ணம் பூசுவதும் அதன்மேல் கட்டுவதும் மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது. பொது மையவாடியில் (இடுகாட்டில்) கட்டினால் இடித்துவிட வேண்டும். எழுதியவர்கள் தம் சொல்லுக்குத் தாமே அடங்கிக் கிடந்தார்கள்.

ஜியாரத் செய்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே பாடம் மூன்றே சொற்களில் முடித்துவிடும்: சலாம் சொல்வார், ஓதுவார், துஆ செய்வார். உஸ்தாத் பிரம்போடு மனப்பாடம் செய்யவைத்த வரி அது. அதை எழுதியவர்களின் தலைமாட்டிலேயே நின்று, அவர்கள் வைத்த வரிசைப்படி சலாம் சொன்னேன், குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதினேன். துஆவில் என்ன கேட்டேன் என்பது சுத்தமாக நினைவில்லை, அழுதது நினைவிருக்கிறது.

2015 ஜனவரியில், அந்தக் கபுறைப் போரில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அன்று மஃரிபு (அந்தித் தொழுகை) முடிந்த பிறகு வாப்பா அலமாரியிலிருந்து மின்ஹாஜை எடுத்து ஜனாஸா பாடத்தைத் திறந்தார்கள். காயல்பட்டினத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே சலாம் சொன்னோம், ஓதினோம், துஆ செய்தோம்.