ஏற்றுக்கொண்ட பெயர்

புதுச்சேரியில் எங்கள் குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கியபோது, பாட்டனாரின் பாட்டனாருக்கு ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்பதே என் முதல் கேள்வியாக இருந்தது. வீட்டில் எல்லோரும் மதம் மாறியதால் வந்த பெயர் என்றே நம்பியிருந்தார்கள். ஆனால் 1881 செப்டம்பர் 21 அன்று வெளியான ஆணை, இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர வழிசெய்தது. அப்படித் துறந்தவர்கள் வாரிசுகளுக்கும் செல்லும்படி ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த இயக்கத்தின் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லப்போர்த்' என்ற பெயரை ஏற்றார்.

பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளில் பல, பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தால் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. தேடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது: நம் 'உ' ஒலியைப் பிரெஞ்சு எழுத்தர்கள் 'ஓ' (o), 'யூ' (u) என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதினார்கள். ஆகவே முத்து, சுப்பராயன் போன்ற பெயர்களை ஆங்கில முறைப்படி தேடினால் அகப்படுவதில்லை. நான் பல வாரங்களை இப்படித்தான் இழந்தேன்.

கடைசியில் ஒரு திருமணப் பதிவில் பாட்டனாரின் பாட்டனாரைக் கண்டேன். பக்கம் முழுவதும் பிரெஞ்சு மொழி. அடியில் அவருடைய கையொப்பம் மட்டும் தமிழில் இருந்தது. அதை அம்மாவிடம் காட்டியபோது, அவர் அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே நெடுநேரம் பேசாமல் இருந்தார்.