படுத்தால் வலி, நடந்தால் சரி

09.01.2023
மார்கழி முடிய இன்னும் ஐந்து நாள். அலாரம் ஐந்து மணிக்கு. முதுகு நாலரைக்கே எழுப்பிவிட்டது. ஒருக்களித்துப் புரண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்கப் பத்து நிமிடம். குனிந்து வைத்த கோலப் புள்ளிகள் எல்லாம் கோணல். ஆனால் பெருக்கி, தண்ணீர் பிடித்து, மாவாட்டி நிமிரும்போது பாதி வலி போயிருக்கும். "வேலை பார்த்தா சரியாயிடுதுல்ல, அப்புறம் என்ன வலி?" என்கிறார் அத்தை. எனக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வரும்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து நாலு வருடமாக இதே கதை. சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. கோவில்பட்டியில் பார்த்த எலும்பு டாக்டர் டிஸ்க் என்று சொல்லி பெல்ட் கொடுத்தார், படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். ஒரு வாரம் படுத்தேன், இன்னும் மோசமானது. இன்னொருவர் கால்சியம் மாத்திரை எழுதினார். அடுத்தவர், "வீட்ல ஏதும் டென்ஷனா?" என்று கேட்டார். ஆமாம், முதுகு வலிக்கிற டென்ஷன்.

24.01.2023
வலது கண் சிவந்துவிட்டது. மெட்ராஸ் ஐ என்றார்கள். பீளை இல்லையே! வெளிச்சம் பட்டால்தான் குத்துகிறது.

25.01.2023
மதுரை. கண்ணுக்குள் அழற்சியாம், யூவியைட்டிஸ். சொட்டு மருந்து எழுதிக்கொண்டே அந்தக் கண் டாக்டரம்மா கேட்டார்: "முதுகு வலி உண்டா? காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கமா இருக்குமா? நடந்தா குறையுமா?" மாத்திரையை எல்லாம் எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் வலி எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்டதில்லை. மூட்டு, வாத நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜிஸ்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

13.02.2023
ருமட்டாலஜிஸ்ட் என் கீழ்முதுகில் பேனாவால் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து, குனியச் சொன்னார். இடைவெளி குறைந்தது பதினைந்து சென்டிமீட்டர் ஆக வேண்டுமாம்; எனக்குப் பன்னிரண்டரை. மார்கழிக் கோணலுக்குக் கணக்கு கிடைத்தது.

அவர் சந்தேகப்பட்டது முதுகெலும்பில் வரும் ஒரு அழற்சி நோயை. இது ஆண்களுக்கு வரும் நோய் என்றுதான் முன்பு படித்தார்களாம். பெண்களுக்குப் பல சமயம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆரும் சரியாகவே இருக்கும். எனக்கும் அப்படித்தான். முன்பு எடுத்த எம்ஆர்ஐ இடுப்பு முதுகெலும்புக்கு; பார்க்க வேண்டியது அதற்கும் கீழே, முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டு. புது எம்ஆர்ஐயோடு, இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுவைத் தேடும் ஹெச்எல்ஏ-பி27 ரத்தப் பரிசோதனையும் எழுதினார். அது பாசிட்டிவ் என்பதாலேயே நோய் என்று ஆகாது, நெகட்டிவ் என்றால் இல்லை என்றும் ஆகாது என்றார்.

02.03.2023
எம்ஆர்ஐயில், இரண்டு பக்க மூட்டிலும் எலும்புக்குள் நீர்கோத்த வீக்கம். பி27 பாசிட்டிவ். அந்த அழற்சி நோயின் பெயர்: ஆக்சியல் ஸ்பான்டைலோஆர்த்ரைடிஸ். பேருந்தில் அழுதேன். பயத்தில் இல்லை.

27.03.2023
வலியையும் அழற்சியையும் குறைக்கும் நாப்ராக்சன் மாத்திரை, தினமும் உடற்பயிற்சி. நாலரைக்கு விழிப்பு வருவது நின்றிருக்கிறது. மாத்திரைகள் போதாவிட்டால் அடுத்தது அழற்சியை அடக்கும் அடலிமுமாப் ஊசி. அதற்கு முன் காசநோய் பரிசோதனை கட்டாயம்.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டிருந்தார். இன்று அம்மாவிடம் கேட்டேன். சாத்தூர் பெரிய மாமா கூன் விழுந்தது மூட்டை தூக்கித்தான் என்றே நினைத்திருந்தோம். "அவனுக்கும் அடிக்கடி கண்ணு செவக்குமே" என்றார் அம்மா. தம்பிக்கு 26 வயது, லாரி ஓட்டுகிறான். காலையில் முதுகு இறுக்கமாக இருக்குமா என்று போன் போட்டுக் கேட்டேன்.

"அது எல்லாருக்கும் இருக்கும்லக்கா?" என்றான்.