பல்லைக் கடித்துக்கொண்டு

மலேசியாவில் எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். எங்கள் வாயில் இன்றும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். அதை ஒட்டிய தோட்டம் ஒன்றில் 19 வருடமாக ஆபீஸ் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கிறேன்.

கணக்கு எழுதுவது எனக்குச் சுமையே இல்லை. அரித்தது லாரி. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்தாக வேண்டும். பிந்தினால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். மழைக்காலத்தில் லாரி சேற்றில் புதையும். டிரைவர் என்னைத்தான் கூப்பிடுவார், ஆலைக்காரரும் என்னைத்தான். இரவு பத்துக்கு வாட்சாப்பில் மேனேஜர், "இன்று எத்தனை டன்?" என்பார். பதில் போட்டுவிட்டுப் படுப்பேன். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, நேரம் கிடக்கும்போதே மூன்று மணிக்குக் கண் தானாகத் திறந்துகொள்ளும்.

இதற்கு நான் வைத்திருந்த பெயர் பொறுப்பு. "சோத்துல கைய வச்சிக்கிட்டு எங்க போயிட்டீங்க?" என்று மனைவி கேட்பாள். சிரித்து மழுப்புவேன்.

அப்புறம் ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது கடைவாய்ப் பல் உடைந்தது. இட்லியில் பல் உடைந்த ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அரசாங்கக் கிளினிக்கில் பல் டாக்டர், சின்னப் பெண், கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் பற்கள் அரம் போட்டு ராவியது போலத் தட்டையாக இருந்தன. "அங்கிள், தூக்கத்தில் கெர்தாக் கிகியா?" பல்லை நறநறவென்று கடிப்பதை மலாயில் அப்படிச் சொல்வார்கள்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா எதற்கும் ஒரே மருந்துதான் சொல்வார்: "பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துருடா." சொன்னபடியே இருந்திருக்கிறேன், ராத்திரியும் விடாமல்.

பல் டாக்டர் சொல்லித்தான் பக்கத்து அறை டாக்டரிடம் போனேன். கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். மன அழுத்தத்தைப் பார்க்க 21 கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்தார்கள். போன ஒரு வாரத்தை நினைத்து, 0 முதல் 3 வரை எண் போட வேண்டும். ஓய்ந்து உட்காரச் சிரமமாக இருந்ததா என்பது முதல் கேள்வி. யோசிக்காமல் 3 போட்டேன். ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. கார்ட்டிசோல் என்ற சுரப்பு ஆபத்து வந்தால் ஏறி, போனதும் இறங்க வேண்டும் என்றார் டாக்டர். "உங்களுக்கு ஆபத்து போவதே இல்லையே!"

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். தப்பில்லை, செய்கிறேன். ஆனால் சேற்றில் புதைந்த லாரியை மூச்சு இழுக்காது. மேனேஜரிடம் பேச வேண்டியிருந்தது. மூன்று நாள் குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் கேட்டது இவ்வளவுதான்: இரவு எட்டுக்கு மேல் லாரி விவகாரத்தை நானும் வெளிக்காட்டுக் கிராணியும் வாரம் மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம். அவர் தலையைச் சொறிந்தார். "சரி, இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. 19 வருடம்!

உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம் என் முறை இல்லை. பத்து மணிக்கு மழை பிடித்தது. எந்தத் தடத்தில் குலை கிடக்கிறதோ என்று மனம் ஓடியது. பல் ஒட்டியிருந்தது. பிரித்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒட்டியது.