"தண்டவாளத்தைக் கடந்தார்" என்ற ஒரு வரி

ஒரு பயணியின் கையில் டிக்கெட் இருக்கிறது. நடை மேம்பாலம் ஏறாமல் தண்டவாளத்தைக் கடக்கிறார், ரயில் மோதிவிடுகிறது. ரயில்வே இழப்பீடு தருமா? பொதுவாகத் தராது. 1989 ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவில், பயணி ரயிலிலிருந்து தவறி விழுவதும், ரயிலிலோ நிலையத்திலோ நடக்கும் கொள்ளை, கலவரம் போன்றவையும்தான் அடங்கும். கடப்பது 147ஆவது பிரிவின்படி அத்துமீறல்; ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். இழப்பீடு வேண்டுமென்றால் ரயில்வேயின் அலட்சியத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அது கடினம்.

ஆனால் ஏறும்போதோ இறங்கும்போதோ கால் தவறி விழுந்தவரும் தண்டவாளத்தில்தான் கிடப்பார். பார்த்தவர் யாரும் இல்லையென்றால் "கடக்கும்போது அடிபட்டார்" என்று ஆவணங்களில் எழுதிவிடுகிறார்கள். உரிமையுள்ள குடும்பங்கள் பல தோற்பது இந்த வரியால்தான். இது மிகவும் வேதனையானது.

அதனால் எஃப்.ஐ.ஆர்., பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ (சம்பவத்தைப் போலீஸுக்குத் தெரிவிக்கும் குறிப்பு) எல்லாவற்றின் நகலையும் உடனே வாங்குங்கள். மோதியதாகச் சொல்லப்படும் ரயில் எது? அதன் லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்), ஒருவர் கடப்பதைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறாரா? யாரும் பார்க்காமலே "கடந்தார்" என்று இருந்தால் அது வெறும் ஊகம். அதை இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் உடைக்கலாம்.

டிக்கெட் தொலைந்துவிட்டதா? ரீனா தேவி வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம், டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் கோரிக்கையைத் தள்ள முடியாது என்றது. எங்கிருந்து எங்கே, எதற்காகப் பயணம் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். மறுக்கும் பொறுப்பு பிறகு ரயில்வேக்குப் போகும். உடல் தண்டவாளத்தில் கிடந்தது என்பது மட்டும் பயணி என்பதற்குச் சான்றாகாது. "அவசரப்பட்டு இறங்கினார், தவறு அவருடையது" என்ற வாதமும் அதே தீர்ப்பின்படி நிற்காது. தற்கொலை, வேண்டுமென்றே செய்துகொண்ட காயம், சொந்தக் குற்றச் செயல், போதை, மனநிலை பிறழ்வு, நோய் ஆகியவை மட்டுமே விலக்கு.

உயிரிழப்புக்கு 2017 முதல் 8 லட்சம் ரூபாய், காயங்களுக்கு அட்டவணைப்படி. தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தாமதமானால் தகுந்த காரணத்தோடு, தாமதத்தைப் பொறுத்து ஏற்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போடுங்கள். தீர்ப்பு பாதகமானால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு.