‘ஸ்லைட்லி’ என்று திருத்திய சொல்

அந்த ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் நான் அடித்தது ஒரே ஒரு சொல்லைத்தான். இரண்டு கோடைகளுக்கு இடையில் கிணற்று நீரின் குளோரைடு (உப்பின் ஒரு கூறு) சராசரி ‘டிராஸ்டிக்கலி’, அதாவது மிகக் கடுமையாக, உயர்ந்தது என்று மாணவி எழுதியிருந்தார். வேறுபாடு தற்செயலானதா என்று சோதிக்க உதவும் பி மதிப்பு, வழக்கமான எல்லையான 0.05ஐச் சற்றே தாண்டியிருந்ததைக் கண்டு, நான் சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்து மேலே ‘ஸ்லைட்லி’ (சற்றே) என்று எழுதினேன்.

“சார், அதுல ஒண்ணு எங்க வீட்டுக் கிணறு. அம்மா இப்பல்லாம் அந்தத் தண்ணியில பருப்பு வேகவைக்கிறதே இல்ல. இத ஸ்லைட்லின்னு எழுதணுமா?” என்று அவர் கேட்டார்.

“வீட்டு அடுப்பையெல்லாம் ஆய்வேட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாதும்மா. எண் என்ன சொல்லுதோ அத மட்டும் எழுதுங்க” என்றேன். “சரிங்க சார்” என்று தாளை மடித்துக்கொண்டு, கடலூர்ப் பேருந்தைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்டார். கடலூரின் உப்பனாற்றங்கரையில் தண்ணீர் கரிப்பது ஒரு செய்தியா என்று அன்று எனக்குள் வேடிக்கையாக நினைத்துக்கொண்டதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை.

என் பக்கமும் நியாயம் இருந்தது. புதுச்சேரியில் ஆய்வு மாணவர்களுக்கு ஆங்கில நடை கற்பிக்கத் தொடங்கிய நாள்முதல் நான் போராடிவருவது மிகைச் சொற்களோடுதான். எந்த வரைபடம் ஏறினாலும் ‘டிராஸ்டிக்’, எது இறங்கினாலும் ‘டிரமாட்டிக்’. அதனால் ‘மார்ஜினலி’, ‘ஸ்லைட்லி’, ‘மாடரேட்லி’, ‘சப்ஸ்டான்ஷியலி’ என்று கரும்பலகையில் ஓர் ஏணி வரைவேன். ‘கன்சிடரபிளி’யை எந்தப் படியில் நிறுத்துவது என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. 10 விழுக்காடு 15 ஆனால் அது 5 விழுக்காட்டுப் புள்ளி உயர்வு, ஆனால் 50 விழுக்காடு அதிகரிப்பு என்று நான் விளக்கும்போது பலர் தங்கள் அட்டவணைகளைத் திரும்பப் புரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த ஏணி பயனற்றது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று அவருடைய சொல்லுக்கு நான் எந்த ஏணியை வைத்து அளந்தேன்? பி மதிப்பு ஓர் உயர்வின் அளவைச் சொல்வதில்லை. உண்மையில் வேறுபாடே இல்லாதிருந்தால் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது. இருபதில் ஒன்று, அதாவது 0.05, என்ற எல்லையும் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1925இல் வசதி கருதிக் குறித்ததே. பி மதிப்பு விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ காட்டாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கையே வெளியிட்டது. அதை நானே வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். கிணறுகள் சிலவே என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது ஒன்று, உயர்வு சிறியது என்பது வேறொன்று. இரண்டையும் நான் ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டேன். எண் சொல்வதை மட்டும் எழுதச் சொன்ன நான், உயர்வின் எண் இருந்த அட்டவணையைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் குளோரைடுக்கு இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது: லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதிக்கத்தக்கது. நாக்குக்கு உப்பு தெரியத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த 250ஐ ஒட்டித்தான். அந்தக் கோட்டைத் தாண்டும் சிறிய உயர்வு புள்ளியியலில் எங்கே நின்றாலும் குடிப்பவருக்குச் சிறியதல்ல. ‘லேசா கரிக்குது’, ‘கரிக்குது’, ‘வாயில வைக்க முடியல’ என்று அவருடைய ஊரிலும் ஓர் ஏணி இருக்கிறது. அதன் படிகள் என்னுடையவற்றைவிடத் தெளிவானவை.

இப்படி எழுதிக்கொண்டே போனால் ‘டிராஸ்டிக்கலி’ சரியாக இருந்ததுபோல் ஆகிவிடும். அதுவும் இல்லை. பருப்பு வேகாததற்குக் காரணம் பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மை. குளோரைடை மட்டும் வைத்து அவரும் அதை நிறுவியிருக்க முடியாது. இரண்டு சராசரிகளையும் நம்பக எல்லைகளையும் (உண்மைச் சராசரி இருக்கக்கூடிய வரம்பு) அப்படியே கொடுத்துவிட்டு, அடைமொழியே இல்லாமல் விட்டிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆய்வேடு என் சொல்லோடுதான் பைண்டு செய்யப்பட்டது. வாய்மொழித் தேர்வில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து ஓர் ஆய்விதழுக்கான கட்டுரையைத் திருத்தக் கொண்டுவந்தார். அதில் எல்லா உயர்வுக்கும் ‘ஸ்லைட்லி’ என்றே எழுதியிருந்தார், அளவு இரு மடங்காகியிருந்த ஓர் இடத்திலும்கூட. ஏன் என்று கேட்டபோது, “நீங்கதான சார் அப்படித் திருத்துனீங்க” என்றார். அப்படியா சொல்லிக்கொடுத்தோம் என்று அவரிடம் இருந்த பழைய பிரதியை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மையில் அந்தச் சொல் மட்டும் இருந்தது. ஓரத்தில் காரணம் எதையும் நான் எழுதியிருக்கவில்லை.