போக 64, வர 64

பிப்ரவரி 24, செவ்வாய்

அம்மாவுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை, 25 தடவை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம். மெஷினுக்குக் கீழே படுத்திருப்பது சில நிமிடம்தானாம். அதற்காகப் போக 64 கிலோமீட்டர், வர 64. வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முதலில் எழுதியது இதைத்தான்: 128 × 25 = 3,200.

காரோடு வந்த புத்தகத்தில் லிட்டருக்கு 21 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 152 லிட்டர். ஆனால் அது சோதனைக்கூடத்தில் உருளைமேல் சக்கரத்தை ஓட்டி எடுத்த எண். சாலையில் அது வராது. அதை நம்பி ஐந்து வாரத்துக்குத் திட்டம் போட எனக்குத் தைரியம் இல்லை.

பணமாக எழுதவில்லை. விலை மாறிக்கொண்டே இருக்கும். லிட்டர் தெரிந்தால் அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 25, புதன்

"தினமும் போய்வர எவ்வளவு ஆகும்?" என்று அம்மா கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 28, சனி

இன்று வெறுமனே போய்விட்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

காலையில் டேங்க் நிரப்பினேன். நாசில் தானாக 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் குலுக்கி ஊற்றினால் கணக்கும் கெடும், ஆவியைப் பிடித்துவைக்கும் பாகத்துக்கும் கேடு. டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினேன். புறவழிச்சாலை வழியாகப் போய், மருத்துவமனை வாசல்வரை சென்று, நிறுத்துமிடம் எங்கே என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஏசி முழு நேரமும் ஓடியது. அம்மா உட்காரும் நாளில் எப்படி இருக்குமோ அப்படித்தானே பார்க்க வேண்டும். திரும்பி வந்து அதே பம்பில், அதே பக்கத்தில், மறுபடியும் முதல் 'டக்' வரைக்கும்.

127 கிலோமீட்டர், 7.9 லிட்டர். லிட்டருக்கு 16.

டேஷ்போர்டில் 17.9 என்று காட்டியது. ஊற்றிய பெட்ரோலைத்தான் நம்ப வேண்டும்.

ஆக 200 லிட்டர். புத்தகக் கணக்கைவிட 48 அதிகம். எங்கள் டேங்க்கே 37தான். ஒரு முழு டேங்க்குக்கு மேல் எங்கிருந்தோ முளைத்து வந்து நிற்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. விடியுமுன்பே கிளம்பி, டேங்க்கை நிரப்பிக்கொண்டு பழைய சாலையைச் சோதித்தேன். அது 55 கிலோமீட்டர்தான். ஒன்பது கிலோமீட்டர் குறைகிறதே, இரண்டு பக்கமும் சேர்த்தால் பதினெட்டாயிற்றே என்று இரவெல்லாம் மனம் அதிலேயே கிடந்தது.

111 கிலோமீட்டர், 8.1 லிட்டர்.

தூரம் குறைவு, பெட்ரோல் அதிகம். யோசித்தால் சரிதான். வேகத்தடை, சிக்னல், குறுக்கே வரும் வண்டி என்று ஒவ்வொரு தடவையும் பிரேக் போடும்போது அதுவரை செலவழித்துச் சேர்த்த வேகமெல்லாம் பிரேக் தட்டில் வெறும் சூடாகப் போகிறது. மறுபடி முதல் கியரிலிருந்து வண்டியை இழுக்க வேண்டும். ஊருக்கு முன்னால் ஓரிடத்தில் அரைக் கிலோமீட்டருக்குள் ஐந்து வேகத்தடைகளை எண்ணினேன். ஒவ்வொன்றிலும் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை.

புறவழிச்சாலைதான். முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

தம்பி பேசினான். "அக்கா, பெட்ரோல் செலவை நான் அனுப்பிவிடுகிறேன், எவ்வளவு என்று சொல்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. பெட்ரோலை அனுப்பலாம், ஓட்டுவதை அனுப்ப முடியுமா என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நானே 200 லிட்டர் என்றேன். சரி அக்கா என்றான்.

கேட்டிருக்கக் கூடாது. அவனுக்கு லீவு இல்லை என்பது எனக்குத் தெரியாதா.

மார்ச் 4, புதன்

அங்கேயே ஓர் அறை எடுத்துவிடலாம் என்று சித்தி சொல்கிறாள். வாரத்துக்கு ஒருமுறைதான் போய்வருவது, 640 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். 40 லிட்டர். மிச்சமாகும் 160 லிட்டருக்கும் அறை வாடகைக்கும் கணக்குப் போட்டேன். வாடகைதான் அதிகம். ஆனால் அதற்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ராத்திரி என் கட்டிலில் படுத்தால் போதும்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மார்ச் 5, வியாழன்

டயரில் காற்று பார்த்தேன். 33 இருக்க வேண்டிய இடத்தில் நான்கிலும் 27. வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிவந்த சூட்டில் பார்த்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். நான்கு டயரிலும் ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது கணக்கு. ஆறு பவுண்டுக்கு 1.2 சதவீதம். 200 லிட்டரில் 2.4 லிட்டர். கால் மணி நேர வேலையில் இது மிச்சம் என்றால் ஏன் விட வேண்டும்?

டிக்கியையும் காலி செய்தேன். பழைய புத்தகக் கட்டு, இரும்புச் சட்டம், எதற்கென்றே தெரியாத ஒரு மூட்டை. நாற்பது கிலோ இருக்கும். அதுவும் ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்.

விடியற்காலையில் போட்டால் குளிர்ச்சியில் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். தொட்டி நிலத்துக்கு அடியில் இருக்கிறது, காலைக்கும் மாலைக்கும் அங்கே பெரிதாக எதுவும் மாறாது. அவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவரும் ஏதாவது உதவ வேண்டும் என்றுதானே சொல்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

நாளை.

பெல்ட்தான் இன்று முழுவதும் கவலை. அம்மாவின் இடது பக்கத்தில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள், அழியக் கூடாது, உரசக் கூடாது. முன் சீட்டில் பெல்ட் சரியாக இடது தோளிலிருந்து இறங்குகிறது. பெல்ட் இல்லாமல் உட்காரவைக்க மாட்டேன். பின்னால், என் சீட்டுக்குப் பின்பக்கம் உட்கார்ந்தால் வலது தோளிலிருந்து வருகிறது. பழைய பருத்தித் துண்டை நான்காக மடித்து அடியில் வைத்துப் பார்த்தோம். உறுத்தவில்லை என்றாள். ஆனால் அங்கே உட்கார்ந்தால் கண்ணாடியில்தான் அவள் முகம் தெரியும்.

டேங்க் ஃபுல். ஒரு நாளைக்கு 8 என்றால் 37 லிட்டர் வெள்ளிக்கிழமைவரை வராது. புதன் மாலை நிரப்ப வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

1. 128.3 கி.மீ. உள்ளே நான்கு நிமிடம். வெளியே காத்திருந்தது ஒன்றே முக்கால் மணி நேரம்.

மார்ச் 10, செவ்வாய்

2. நெடுஞ்சாலைப் பகுதி மட்டும் 48 கிலோமீட்டர். 100இல் போனால் 29 நிமிடம், 80இல் போனால் 36. ஏழு நிமிடத்துக்காகக் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. வேகம் கூடினால் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் கூடும். இன்று 80ஐத் தாண்டவில்லை. பாலத்தின் இணைப்புகளில்கூட வண்டி மெதுவாகத்தான் ஏறி இறங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. போகட்டும்.

மார்ச் 13, வெள்ளி

5. வாரக் கணக்கு: 643 கிலோமீட்டர், 41.5 லிட்டர். 15.5தான் வருகிறது.

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். வெயிலில் நின்ற வண்டி அடுப்பாகிவிடுகிறது. அம்மா வெளியே வரும் நேரம் பார்த்து இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்பே இன்ஜினைப் போட்டு ஏசியை ஓடவிடுகிறேன். நிற்கும் வண்டி ஒரு கிலோமீட்டர்கூடப் போகாமல் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசி சேர்ந்தால் இன்னும் அதிகம். முதலில் கதவையெல்லாம் திறந்துவைத்து அனலை வெளியேற்றிவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் போட்டால் பாதி குறையும். இனி அதைச் செய்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்க மாட்டேன்.

மார்ச் 16, திங்கள்

6. "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனால் ஆகாதா?"

இடைவெளி விடக் கூடாது அம்மா, விட்டால் கடைசியில் சேர்த்துவிடுவார்கள், 25 என்பது 25தான் என்றேன். தினமும் எவ்வளவு பெட்ரோல் என்று மறுபடி கேட்டாள். ஐந்து லிட்டர் என்றேன்.

மார்ச் 18, புதன்

8. நிரப்ப நிறுத்தினேன். பம்ப் வலது பக்கம் இருந்தது. அவள் சீட்டுக்கு நேராக மீட்டர்.

24.6 லிட்டர்.

பம்பை விட்டு வெளியே வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "திங்கள், செவ்வாய், புதன். எட்டு எட்டாகத்தானே வருகிறது" என்றாள். வாழ்நாள் முழுக்க மளிகைக் கணக்கும் பால் கணக்கும் மனதிலேயே போட்டவளிடம் ஐந்து என்று சொல்லியிருக்கிறேன்.

பாலம் தாண்டியதும், "ஏசியை அணைத்துவிடு" என்றாள்.

அணைக்கவில்லை. 80இல் போகும்போது ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பிடித்து இழுக்கும், அதற்கும் பெட்ரோல் போகும் அம்மா என்றேன். அது பாதி உண்மை. ஏசியை அணைத்தால் கொஞ்சம் மிச்சமாகத்தான் செய்யும்.

மார்ச் 19, வியாழன்

9. கிளம்பும்போது அவளே ஜன்னலை இறக்கினாள். நான் பட்டனை அழுத்தி ஏற்றினேன். மறுபடி இறக்கினாள். ஊர் எல்லைவரை விட்டுவிட்டேன், அங்கே மெதுவாகத்தானே போகிறோம். நெடுஞ்சாலையில் ஏற்றினேன். கழுத்தெல்லாம் வியர்த்து, துண்டு நனைந்திருந்தது. வியர்வையில் கோடு அழிந்துவிடும் என்று சொன்ன பிறகுதான் விட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

மெஷின் பழுது. போய்ச் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் சொன்னார்கள். ஒரு போன் செய்திருந்தால் போதாதா? 128 கிலோமீட்டர், எட்டு லிட்டர், அவளுடைய ஒரு நாள் முழுவதும்.

இனி மொத்தம் 26 தடவை. 3,328 கிலோமீட்டர். 208 லிட்டர்.

திரும்பும்போது அம்மாதான் எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

மார்ச் 22, ஞாயிறு

தம்பி அனுப்பியிருக்கிறான். இருநூறு லிட்டருக்கு மேலேயே வரும். திருப்பி அனுப்பவில்லை. மாலை ஐந்து மணிக்கு நாங்கள் திரும்பிக்கொண்டிருப்போம், அந்த நேரத்தில் அம்மாவுக்குப் போன் செய் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 24, செவ்வாய்

11. ஐந்து மணிக்குப் போன் வந்தது. சிரித்தாள். கண்ணாடியில் பார்த்தேன்.

மார்ச் 26, வியாழன்

13. தோல் கறுத்துவிட்டது. பெல்ட்டுக்கு அடியில் துண்டு இப்போது இரண்டு. 70இல் ஓட்டினேன். மைலேஜ் பார்க்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

14. பாதிக்கு மேல் வந்துவிட்டோம். வாரக் கணக்கு 644 கி.மீ., 39.4 லிட்டர். 16.3. நன்றாகத்தான் வந்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள், அவ்வளவுதான். எவ்வளவு ஆகும் என்று அவள் கேட்டு ஒரு வாரத்துக்கு மேலாகிறது.

மார்ச் 30, திங்கள்

15. போகும்போதும் தூங்கினாள், வரும்போதும் தூங்கினாள். ஐந்து மணிக்கு வந்த போனை நான் ஓரமாக நிறுத்தி எடுத்தேன். அம்மா தூங்குகிறாள், அப்புறம் பேசு என்றேன். எப்போது என்று கேட்டான்.

மார்ச் 31, செவ்வாய்

16. ஏசியைக் குறைக்கச் சொன்னாள். பெட்ரோலுக்காக இல்லை, குளிர்கிறதாம். வெளியே நல்ல வெயில்.

ஏப்ரல் 1, புதன்

நிரப்பினேன். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க மறந்துவிட்டேன்.